தலைவர்கள் தகவலை மறைக்கலாமா? ஜிஆர்இ கட்டுரைக்கு நான் தயாரான விதம்

வெளிநாட்டில் மேற்படிப்புக்குச் சேர உதவும் ஜிஆர்இ தேர்வை எழுதுகிறவர்கள் பலர் சொல்வளத்துக்கும் கணக்குக்கும் மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, கட்டுரையை மட்டும் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். கொடுக்கும் நேரமோ 30 நிமிடம். வரக்கூடிய தலைப்புகளின் தொகுப்பைத் தேர்வை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. அதில், அரசியல் தலைவர்கள் மக்களிடமிருந்து தகவலை மறைப்பது பல நேரம் தேவை, விரும்பத்தக்கதும்கூட என்ற கருத்தில் ஒரு தலைப்பு உண்டு. இதற்காகச் சேர்க்கும் சரக்கு அரசு, அதிகாரம் பற்றிய மற்ற தலைப்புகளுக்கும் உதவும் என்பதால் இதில் கூடுதலாகவே நேரம் செலவழித்தேன்.

இந்தத் தலைப்புக்கு எல்லாருக்கும் முதலில் தோன்றும் பதில் ஒன்றுதான்: நாட்டின் பாதுகாப்புக்கு ரகசியம் வேண்டும், ஜனநாயகத்துக்கு வெளிப்படைத்தன்மை வேண்டும், ஆகவே சமநிலை வேண்டும். படிக்க நன்றாக இருக்கும், ஆனால் எதையும் சொல்லாது. அதைத் தாண்ட எனக்கு இரண்டு கேள்விகள் போதுமாக இருந்தன. யாரிடமிருந்து மறைக்கிறார்கள்? இது ரகசியம் என்று முடிவு செய்வது யார்?

படை எந்த நாளில் கரையிறங்கும் என்பதைத் தொலைக்காட்சியில் சொல்ல முடியாது, சரி. ஆனால் மூடிய அறைக்குள் ஒரு நாடாளுமன்றக் குழுவிடமோ நீதிபதியிடமோ தணிக்கையாளரிடமோ ஏன் சொல்லக்கூடாது? மக்களிடம் மறைப்பதற்கான நியாயம், கண்காணிக்க வேண்டியவர்களிடம் மறைப்பதற்கு அப்படியே பொருந்தாது. என் நிலைப்பாடு இதுதான்: மக்களிடமிருந்து குறிப்பிட்ட காலத்துக்கு மறைக்கலாம், கண்காணிப்பவர்களிடமிருந்து மறைக்கக்கூடாது. இதைப் பிடித்துக்கொண்டால் தலைப்பை எப்படித் திருப்பிக் கேட்டாலும் தடுமாற்றம் வராது.

அப்புறம் உதாரணங்கள். நிறைய வேண்டாம், ஆனால் எடுத்தவற்றை உள்ளே போய்ப் படித்திருக்க வேண்டும்.

மறைப்பதற்கு ஆதரவான பக்கத்துக்குக் கியூபா ஏவுகணை நெருக்கடி. கியூபாவில் நிறுவப்பட்டுவந்த சோவியத் ஏவுகணைகளின் படங்கள் 1962 அக்டோபர் 16 அன்று அமெரிக்க ஜனாதிபதி கென்னடியிடம் காட்டப்பட்டன. 22ஆம் தேதி மாலைதான் அவர் நாட்டுக்குச் சொன்னார். குண்டு வீசலாம் என்ற யோசனையிலிருந்து கடல்வழித் தடுப்புக்கு வந்து சேர அந்த இடைவெளி உதவியது. அதே சம்பவத்தில் மறுபக்கமும் இருக்கிறது. துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளை அகற்றுவதாக சோவியத் தரப்புக்குக் கொடுத்த வாக்குறுதி பல ஆண்டுகள் வெளியே வராததால், கென்னடி எதையும் விட்டுக்கொடுக்காமல் வென்றார் என்ற கதை நிலைத்துவிட்டது. ஒரே உதாரணம் இரண்டு பக்கமும் பேசுவது 30 நிமிடக் கட்டுரைக்குப் பெரிய வசதி.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ரெனால்ட்ஸ் வழக்கு. 1948 அக்டோபரில் அமெரிக்க விமானப்படையின் பி-29 விமானம் ஒன்று ஜார்ஜியா மாநிலத்தில் விழுந்தது. இறந்த ஒன்பது பேரில் படையைச் சேராத பொறியாளர்களும் உண்டு. அவர்களின் மனைவிமார் மூவர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டு, விபத்து அறிக்கையைக் கேட்டார்கள். விமானத்தில் ரகசியக் கருவிகள் இருந்தன, தர முடியாது என்றது அரசு. கீழ் நீதிமன்றங்கள் பெண்கள் பக்கம் நின்றன. 1953இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அரசின் பக்கம் சாய்ந்தது. அந்த அறிக்கையை நீதிபதிகள்கூடப் படித்துப் பார்க்கவில்லை! நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி நீதிமன்றத்திடம் தகவல் தர மறுக்க அமெரிக்க அரசுக்கு இருக்கும் ‘அரசு ரகசியச் சிறப்புரிமை’க்கு இன்றுவரை அடித்தளம் இந்தத் தீர்ப்புதான். பல பத்தாண்டுகள் கழித்து ரகசியம் நீக்கப்பட்ட அறிக்கை, இறந்தவர் ஒருவரின் மகள் கையில் கிடைத்தது. அதில் இருந்தது என்ஜினில் தீப்பிடித்ததும் பராமரிப்புக் குறைபாடுகளும். ரகசியக் கருவிகளின் நுட்பம் எதுவும் இல்லை. மாணவனே தன் விடைத்தாளைத் திருத்திக்கொள்வது போலத்தான் இது: எது ரகசியம் என்று முடிவு செய்தவரும், வெளியே வந்தால் தலைகுனிய வேண்டியவரும் ஒருவரே.

இதற்கு நேர் எதிரே 1974இன் நிக்சன் வழக்கை வையுங்கள். வாட்டர்கேட் ஊழல் விசாரணைக்காக, ஜனாதிபதி நிக்சனின் உரையாடல்கள் பதிவான ஒலிநாடாக்களைக் கேட்ட வழக்கு அது. ஜனாதிபதியின் உரையாடல்களுக்கு ஓரளவு ரகசிய உரிமை உண்டு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அதன் எல்லையை ஜனாதிபதியே வரைய முடியாது என்று 8-0 எனத் தீர்ப்பளித்து, ஒலிநாடாக்களை ஒப்படைக்கச் சொன்னது. அடுத்த மாதமே அவர் பதவி விலகினார்.

செர்னோபிலை எல்லாரும் எழுதுவார்கள், விபத்தை மூடி மறைத்தார்கள் என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அதைவிடக் கனமான செய்தி ஒன்று உண்டு. அந்த வகை அணு உலையில் கட்டுப்பாட்டுத் தண்டுகளை இறக்கும்போது முதல் சில நொடிகள் ஆற்றல் குறைவதற்குப் பதில் கூடக்கூடும் என்பது 1983இலேயே, அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த லிதுவேனியாவின் இக்னாலினா அணுமின் நிலையத்தில் தெரிந்துவிட்டது. 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் செர்னோபிலில் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தியவர்களுக்கு அதை யாரும் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. ரகசியம் எதிரியை எட்டியதோ இல்லையோ, உலையை இயக்கியவர்களை எட்டவில்லை.

எதிர்வாதத்தைத் தட்டிக்கழிக்காதீர்கள். குழுக்களிடம் சொன்னால் கசியும் என்பது வலுவான வாதம். அதற்கு என் பதில்: கேட்கும் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், கேள்வியையே ஒழிக்கக்கூடாது. அமெரிக்காவில் மிக நுட்பமான உளவு நடவடிக்கைகளை நாடாளுமன்றத் தலைவர்கள் எட்டுப் பேரிடம் மட்டும் சொல்லும் ஏற்பாடு இருக்கிறது. எட்டுப் பேர் போதுமா என்பது வேறு சண்டை. எனக்கு அது குறைவாகத்தான் படுகிறது, குறிப்பு எடுக்கவும் நிபுணரைக் கேட்கவும் முடியாதவர் என்ன பெரிதாகக் கண்காணித்துவிட முடியும்?

தேர்வில் இவற்றில் இரண்டு உதாரணங்களுக்கு மேல் எடுக்காதீர்கள். தலைப்புக்குக் கீழே உள்ள குறிப்பை இரண்டு முறை படியுங்கள். எதிர்க்கருத்தையும் விவாதிக்கச் சொல்லியிருந்தால் அதைச் செய்யாமல் எவ்வளவு அழகாக எழுதினாலும் மதிப்பெண் குறையும். நான் முதல் ஐந்து நிமிடம் நிலைப்பாட்டையும் உதாரணங்களையும் தாளில் கிறுக்கிவிட்டுத்தான் தட்டச்சைத் தொடங்குவேன். அங்கே எழுத்துப்பிழை திருத்தும் வசதி கிடையாது. குருஷ்சேவ் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதில் சந்தேகம் வந்தால் சோவியத் தலைவர் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுங்கள்.