டியூபுக்கும் ஆட்டோவுக்கும் ஒரு சைக்கிள் பயணம்

மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் புதுச்சேரி போய் வந்தோம். திருவான்மியூரில் விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி, ஈ.சி.ஆர். வழியாக 150 கிலோமீட்டர். ஒன்பது பேர். சக்கர நாற்காலி கூடைப்பந்து அணி ஒன்றுக்குப் பணம் திரட்டுவதற்காகப் போன பயணம். கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் வீதம் தருவதாக என்னிடம் ஒப்புக்கொண்டவர்கள் 36 பேர். அத்தனை பேரும் சொன்னபடி தந்துவிட்டார்கள், 54,000 ரூபாய் சேர்ந்தது. அதில் பாதிப் பேர் என் தபால் அலுவலகத்தில் கூட வேலை செய்பவர்கள். "எதுக்கு இந்தப் பணம்னு ஒரு தடவை விவரமா எழுதுங்க மேடம்" என்று கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, தோழி ஒருத்தி கூப்பிட்டாள் என்று சக்கர நாற்காலி கூடைப்பந்துப் பயிற்சி பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரியில் பார்க்கிற நாற்காலியை மனதில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். இது வேறு. பின்னால் தள்ளுவதற்குப் பிடி கிடையாது, பிரேக் கிடையாது. இரண்டு சக்கரமும் நேராக நிற்காமல், மேலே உள்பக்கமும் கீழே வெளிப்பக்கமும் சாய்ந்து, வேட்டி மடித்துக் கட்டி காலை அகட்டி நிற்கிற ஆள் மாதிரி இருக்கும். அந்தச் சாய்வினால்தான் நின்ற இடத்திலேயே சட்டென்று திரும்ப முடிகிறது. இரண்டு நாற்காலி மோதினால் கீழ்ப்பகுதிதான் இடித்துக்கொள்ளும், கை நசுங்காது. இடுப்பையும் காலையும் பட்டையால் நாற்காலியோடு இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்கள். கூடையின் உயரம் எல்லோருக்கும் போல அதே பத்தடி.

நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே இரண்டு பேர் மோதி, ஒரு பெண்ணின் சக்கரம் கோணிவிட்டது. அவள் சக்கரத்தின் நடுவில் இருந்த பொத்தானை அழுத்தினாள். சக்கரம் அப்படியே கையோடு வந்துவிட்டது. கையில் பிடித்துச் சுற்றிவிட்டாள், ரிம் இப்படியும் அப்படியும் ஆடியது. பக்கத்தில் கோட்டம் எடுக்க, அதாவது வளைந்த ரிம்மை நேராக்க, ஆள் இல்லை என்று பயிற்சியாளர் சொன்னார். என்னையும் அறியாமல் எழுந்து போய், "கொடுங்க, நான் பார்க்கிறேன்" என்றேன்.

அப்பா விழுப்புரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். மணிக்கணக்கில் வாடகை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அங்கேதான் வேலை. கோட்டம் எடுப்பதற்கு அப்பா சாக்பீஸை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுவார். எங்கே வளைவு இருக்கிறதோ அங்கே மட்டும் சாக்பீஸ் கோடு விழும். வலது பக்கம் வந்திருந்தால் அந்த இடத்தில் இடது பக்கத்துப் போக்ஸ் கம்பியை இறுக்கி, வலது பக்கத்துக் கம்பியைத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் கூடாது. அவசரப்பட்டால் ரிம் மேலும் கீழுமாகத் துள்ள ஆரம்பித்துவிடும். கடைசியில் கம்பி ஒவ்வொன்றையும் விரலால் மீட்டிப் பார்ப்பார். ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே சுருதியில் கேட்க வேண்டும்.

அன்றைக்கு நாற்காலியை ஒருக்களித்துச் சாய்த்து, சக்கரத்தைத் திரும்ப மாட்டி, அதையேதான் செய்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. டியூபும் ஒழுகியது. வேறு டியூப் இருக்கிறதா என்று கேட்டதற்கு அந்தப் பெண், "சேர் கொடுத்தாங்க அக்கா, நல்ல சேர். டியூப்தான் யாரும் கொடுக்கல" என்றாள்.

ஒரு நிறுவனம் விழா எடுத்துக் கொடுத்த நாற்காலி அது. மேடை, பொன்னாடை, போட்டோ எல்லாம் நடந்திருக்கிறது. டயர் விரல் அகலம்தான். நம் ஊர்க் கடையில் கிடைக்கிற சாதா 26 அங்குல டியூபைத் திணித்தால் உள்ளே மடிந்து, இரண்டு நாளில் மடிப்பிலேயே வெடித்துவிடும். சரியான அளவு டியூபை வெளியே சொல்லித்தான் வரவழைக்க வேண்டும். சிமெண்ட் தரையில் விளையாடுகிறவர்களுக்கு டயரும் சீக்கிரம் தேய்கிறது. டியூப் வருகிற வரைக்கும் அந்த நல்ல நாற்காலி ஓரமாக நிற்கும். அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

அடுத்தது ஆட்டோ. இந்த விளையாட்டில் ஒவ்வொரு வீரருக்கும் உடல் இயக்கத்தைப் பொறுத்து 1 முதல் 4.5 வரை புள்ளி கொடுக்கிறார்கள். இடுப்புக்கு மேல் அசைவு குறைவாக இருப்பவருக்கு 1, ஏறக்குறைய முழு அசைவும் இருப்பவருக்கு 4.5. களத்தில் இருக்கும் ஐந்து பேரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டக் கூடாது. நான் சொல்கிற அணியில் 4.5, 4, 3, 1.5, 1 என்று ஐந்து பேர் இறங்குவார்கள். கணக்குச் சரியாக 14. இதில் 1 புள்ளி உள்ள அந்த ஒரு புள்ளிக்காரர் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே உட்கார்ந்திருக்கும் 2.5 புள்ளிக்காரரை இறக்கினால் தொகை பதினைந்தரை ஆகிவிடும். அப்புறம் நன்றாக ஆடுகிற 4.5-ஐ வெளியே எடுக்க வேண்டும். ஒருவர் வராமல் போனால் அணியே வேறாகிவிடுகிறது. அந்த ஒரு புள்ளிக்காரருக்குத்தான் பயிற்சிக்கு வருவதே பெரும்பாடு. நாற்காலியோடு எல்லா பஸ்ஸிலும் ஏற முடியாது. போக வர ஆட்டோ வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும். நாற்காலிக்கு ஆயிரம் பேர் பணம் கொடுப்பார்கள். ஆட்டோ செலவுக்கு என்று கேட்டால் முகம் மாறிவிடுகிறது.

என் சொந்தத்திலேயே பெரியவர் ஒருவர் கேட்டார்: "சாப்பாட்டுக்கு, படிப்புக்குன்னா குடுக்கலாம்மா. விளையாட்டுக்குமா?" அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவருக்கு நான் ஜிம் மெக்லாரனின் கதையைச் சொன்னேன்.

1985-இல் நியூயார்க்கில் பஸ் மோதி இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர் மெக்லாரன். செயற்கைக் காலோடு நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானில் பெயர் பெற்றார். 1993-இல் கலிபோர்னியாவில் போட்டியில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோதே வேன் மோதி, கைகால் நான்கும் செயலிழந்தன. அவர் தானே ஓட்டும்படியான வண்டி வாங்கித் தர, 1994-இல் நண்பர்கள் சான் டியாகோவில் ஒரு டிரையத்லான் நடத்தினார்கள். 25,000 டாலர் தேவை, 49,000 வந்தது. அங்கே வந்திருந்த, கால் இழந்த பெண்கள் சிலர் ஒரு விஷயம் சொன்னார்கள்: நடப்பதற்கான காலுக்கு இன்ஷூரன்ஸ் தரும், ஓடுவதற்கான காலுக்குத் தராது. அந்தப் பேச்சிலிருந்து வளர்ந்ததுதான் சேலஞ்ச்ட் அத்லெட்ஸ் ஃபவுண்டேஷன். ஓடுகிற காலுக்கும் விளையாட்டு நாற்காலிக்கும் அவர்கள் பணம் திரட்டுகிற வழிகளில் ஒன்று, சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து சான் டியாகோ வரை ஏழு நாள் சைக்கிள் பயணம்.

நம் பக்கத்திலும் இருக்கிறது. ஹைதராபாத்தின் ஆதித்யா மேத்தா விபத்தில் ஒரு காலை இழந்தவர். 2013 ஆசியப் பாரா சைக்கிள் போட்டியில் இரண்டு வெள்ளி வாங்கினார். பிறகு தன் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, மாற்றுத்திறனாளிகளையே சைக்கிளில் ஏற்றி நெடும்பயணம் நடத்திப் பணம் திரட்டுகிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தியாவுக்காக முதன்முதலாகச் சைக்கிள் போட்டியில் இறங்கிய அர்ஷத் ஷேக்கும் ஜோதி கடேரியாவும் அங்கே வளர்ந்தவர்கள்தான். பதக்கம் வந்த பிறகு பணம் தர அரசும் கம்பெனிகளும் வருகிறார்கள், அது நல்லதே. பதக்கத்துக்குப் பத்து வருஷம் முன்னால் ஒருத்தர் பயிற்சிக்கு வந்து சேர்வதற்கு ஆட்டோக்காரருக்குக் கொடுக்கிற பணம்தான் யாரிடமும் இருப்பதில்லை.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் 1,500 ரூபாய் அனுப்பியிருந்தார்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாமல்லபுரம் வரை இருட்டு, நல்ல வேகம். மரக்காணம் உப்பளம் வரும்போது மணி பத்தரை, கடல் காற்று எதிரே பிடித்துத் தள்ளியது. கடைசி முப்பது கிலோமீட்டரை ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக ஒட்டிக்கொண்டு ஓட்டி முடித்தோம். யாருக்கும் பஞ்சர் இல்லை.

பணக் கணக்கு: முப்பது டியூபும் எட்டு டயரும் சொல்லியாகிவிட்டது. மீதி முழுவதும் ஆட்டோவுக்கு. அந்த ஒரு புள்ளிக்காரருக்கு வாரம் இரண்டு பயிற்சி என்று வைத்தால் ஏழு மாதம் வரும். ரசீது எல்லாம் என்னிடம் இருக்கிறது, யார் கேட்டாலும் காட்டுகிறேன்.

போன வாரம் பயிற்சிக்குப் போனபோது, அன்றைக்குச் சக்கரம் கோணிய அந்தப் பெண் தன் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அக்கா, இது ஒண்ணு மட்டும் மந்தமா கேக்குது" என்றாள். நானும் குனிந்து கேட்டேன். ஆமாம், தளர்ந்திருந்தது. பையிலிருந்த, கம்பி இறுக்குகிற அப்பாவின் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.