ஆயிரம் கஜத்துக்கு எந்தத் தோட்டா?

டெக்சாஸில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன், அங்குள்ள துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றில் சேர்ந்திருக்கிறான். “மாமா, ஆயிரம் கஜத்தில் சுட .308 வாங்கட்டுமா, 6.5 கிரீட்மோர் வாங்கட்டுமா? நீங்கள் பட்டாளத்தில் இருந்தவர், நீங்களே சொல்லுங்கள்” என்று கேட்டிருந்தான். கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் உள்ள எங்கள் வேலூர்ப் பக்கத்தில் இந்தக் கேள்வியைத் திண்ணையில் போட்டால், மூத்தவர்கள் எல்லோரும் பட்டாளத்தில் பழகிய 7.62 மி.மீ. தோட்டாவுக்கே கை தூக்குவார்கள். அதைச் சுட்ட எஸ்.எல்.ஆர். என்ற ராணுவத் துப்பாக்கி தோளில் உதைத்த உதை அவர்களுக்கு மறக்கவில்லை. அந்த 7.62-க்குக் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைதான் 1952-இல் வெளிவந்த .308 வின்செஸ்டர். ஆனால் பழகிய பாசம் வேறு, ஆயிரம் கஜத்தில் காகிதத்தைத் துளைப்பது வேறு.

தோட்டாவைக் கேட்பதற்கு முன்னால், எந்தப் போட்டியில் சுடப்போகிறாய் என்பதைத்தான் அவன் சொல்லியிருக்க வேண்டும். படுத்தபடி, ஸ்கோப் வைத்து நெடுந்தூரக் காகித இலக்கைச் சுடும் எப்-கிளாஸ் போட்டியின் எப்-டி.ஆர். பிரிவில் .308, .223 என்ற இரண்டைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. அங்கே போகிறவனுக்குத் தேர்வு என்ற தலைவலியே கிடையாது. அதே போட்டியின் ஓப்பன் பிரிவில் சர்வதேச விதிப்படி 8 மி.மீ. வரை எதையும் கொண்டுவரலாம். நின்றும் சாய்ந்தும் முட்டுக்கொடுத்தும் நேரக் கெடுவுக்குள் பல இலக்குகளைச் சுடும் பி.ஆர்.எஸ். பந்தயங்களிலோ இப்போது 6 மி.மீ., 6.5 மி.மீ. தோட்டாக்களின் ஆட்சிதான் நடக்கிறது. விதிப்புத்தகத்தைப் புரட்டாமல் துப்பாக்கிக் கடைக்குப் போவது வீண் செலவு.

அவன் அனுப்பிய பட்டியல்களில் குண்டு எவ்வளவு கீழே விழுகிறது என்ற கணக்கே பெரிதாக இருந்தது. 175 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டு கொண்ட .308, நூறு கஜத்துக்குச் சரிசெய்த பார்வைக்கோட்டிலிருந்து ஆயிரம் கஜத்தில் பத்து மீட்டருக்கு மேல் இறங்கிவிடும். 140 கிரெய்ன் கிரீட்மோர் எட்டு மீட்டர் சொச்சம் இறங்கும். பார்ப்பதற்கு மிரட்டும் எண்கள்தாம், ஆனால் இதில் பயப்பட ஒன்றுமில்லை. தூரம் தெரிந்தால் இறக்கமும் தெரியும். ஸ்கோப்பின் திருகைத் தேவையான அளவு திருப்பினால் தீர்ந்தது. புவியீர்ப்பு காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இருப்பதில்லை.

காற்று அப்படியல்ல. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டுக் காற்று வீசினால், அதே .308 குண்டு ஆயிரம் கஜத்தில் ஏறத்தாழ 2.4 மீட்டர் ஒதுங்கும், கிரீட்மோர் 1.7 மீட்டர் அளவில் நிற்கும். அந்தக் காற்றை நீங்கள் நான்கில் ஒரு பங்கு தவறாகக் கணித்தால், .308-இல் 60 சென்டிமீட்டரும் கிரீட்மோரில் 40 சென்டிமீட்டருக்குச் சற்று மேலும் தவறுவீர்கள். அமெரிக்க எப்-கிளாஸ் இலக்கில் ஆயிரம் கஜத்துக்கான பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் வெறும் பத்து அங்குலம், அதாவது 25 சென்டிமீட்டர். ஆக, கையில் எந்தத் தோட்டா இருந்தாலும் காற்றைப் படிக்காமல் வளையத்துக்குள் நுழைய முடியாது. நல்ல தோட்டா செய்வதெல்லாம் கணிப்பின் பிழைக்குக் கொஞ்சம் சலுகை கொடுப்பதுதான். அந்தச் சலுகைக்காகத்தான் நான் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பேன்.

இதில் பலரும் தவறாக நினைக்கும் இடம் ஒன்று உண்டு. குண்டு காற்றில் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவுக்கு ஒதுங்கும் என்பார்கள். உண்மையில் கணக்கில் வருவது மொத்த நேரமல்ல, காற்றின் தடையால் குண்டு இழந்த நேரம் மட்டுமே. தடையே இல்லாத வெளியில் அதே தூரத்தைக் கடக்க ஆகும் நேரத்தைவிட எத்தனை நொடி கூடுதலாக ஆயிற்றோ, அதைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் ஒதுக்கம் வந்துவிடும். அதே காற்றில், அதாவது நொடிக்கு சுமார் 4.5 மீட்டர் வேகத்தில், .308 சுமார் 0.53 நொடி இழக்கிறது, கிரீட்மோர் சுமார் 0.38 நொடி, பெருக்கிப் பார்த்தால் மேலே சொன்ன எண்கள்தாம் வரும். ஆகவே கிளம்பும் வேகத்தைவிட, கிளம்பிய வேகத்தைக் கைவிடாத நீண்ட, ஒல்லியான குண்டுதான் முக்கியம். 2007-இல் ஹார்னடி நிறுவனம் கிரீட்மோரை வெளியிட்டபோது செய்த புத்திசாலித்தனமும் இதுவே: மருந்தை அடைக்கும் பித்தளைக் கூட்டை நீளம் குறைவாக வைத்து, நீண்ட குண்டு துப்பாக்கியின் மேகசினுக்குள் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டிக்குள்) அடங்கும்படி முன்பக்கம் இடம் விட்டார்கள். பெயரும் பொருத்தம்தான், நியூயார்க்கின் கிரீட்மோர் மைதானத்தில் 1874-இலேயே அமெரிக்கரும் ஐரிஷ்காரரும் 800, 900, 1000 கஜங்களில் மோதியிருக்கிறார்கள்.

ரேஞ்சில் இலக்குகளுக்கு அடியிலுள்ள குழிக்குள் உட்கார்ந்து இலக்கை ஏற்றி இறக்கியவர்களுக்கு அடுத்த விஷயம் காதாலேயே தெரியும். ஒலியைவிட வேகமாக வரும் குண்டு தலைக்கு மேலே சாட்டை சொடுக்கியதுபோல் வெடித்துவிட்டுப் போகும். துப்பாக்கியின் சத்தம் அதற்குப் பிறகுதான் வந்து சேரும். வேகம் ஒலிக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்தச் சொடுக்கு கேட்காது, காகிதத்தில் விழும் ‘தொப்’ மட்டுமே கேட்கும். ஒலி வேகத்தை ஒட்டிய அந்தக் கட்டத்தைக் கடக்கும்போது சில குண்டுகள் தள்ளாடிக் குறுக்கே திரும்பிவிடுவதால், வட்டத் துளைக்குப் பதில் சாவித் துவாரம் போல நீளமான கிழிசல் விழும். .308-இல் புகழ்பெற்ற பழைய 168 கிரெய்ன் சியரா குண்டு 300 மீட்டர் போட்டிக்காக உருவானது. ஆயிரம் கஜத்தில் அதற்கு இந்தக் கெட்ட பெயர் உண்டு. 175 கிரெய்னில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் கடைசி நூறு கஜத்தில் அதுவும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் போய்ச் சேர்கிறது. கிரீட்மோர் அதே இடத்தை நொடிக்கு 400 மீட்டருக்கு மேலான வேகத்தோடு கடக்கிறது.

அப்படியானால் .300 வின்செஸ்டர் மேக்னமோ .338 லபுவாவோ வாங்கிவிடலாமே என்பது அவனுடைய அடுத்த கேள்வி. குருவியின் மேல் பிரம்மாஸ்திரம் எதற்கு? பின்னுதைப்பு கூடினால் கண் தானாகச் சிமிட்டும், குண்டு எங்கே விழுந்தது என்பதை ஸ்கோப்பில் பார்க்கவும் முடியாது. பார்க்க முடியாதவன் அடுத்த குண்டைத் திருத்த முடியாது. பணமும் போகும். குறுகிய துவாரத்தில் அதிக மருந்தை எரித்தால் குழலின் தொண்டைப் பகுதி (குண்டு குழலுக்குள் நுழையும் இடம்) வேகமாக அரிக்கப்படும். .308 குழல் ஐயாயிரம் சுடுகளைத் தாண்டியும் உழைக்கும். கிரீட்மோருக்கு இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் வரை என்று சொல்வார்கள். வேகமான 6 மி.மீ. தோட்டாக்களுக்கு அதைவிடவும் குறைவு. பந்தயத்தில் முதலிடத்துக்குப் போராடுபவர்கள் ஆண்டுதோறும் குழல் மாற்றட்டும், புதியவனுக்கு அது வேண்டாம்.

எங்கள் ஊரில் இந்த விவாதத்தைச் சட்டமே முன்கூட்டி முடித்துவிடுகிறது. .303, 7.62 மி.மீ. துவாரங்கள் பொதுமக்களுக்கு நெடுங்காலமாகத் தடை செய்யப்பட்டவை. அந்தத் தடையின் நிழலில் வளர்ந்ததுதான் இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைபிள். அது பயிர்க் காவலுக்கு ஆகும், ஆயிரம் கஜத்துக்கு ஆகாது. தோட்டாவை வீட்டில் தானே நிரப்புவதும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமில்லாமல் கூடாது. ஆகவே சங்கத்தின் வழியாக ஏர் ரைபிளும் .22-உம்தான் இங்கே நடைமுறைக்கு ஒத்த பாதை. அதில் வருத்தப்படவும் வேண்டியதில்லை, காற்றைக் கற்றுக்கொடுப்பதில் .22-ஐப் போன்ற கண்டிப்பான வாத்தியார் கிடையாது.

வெயிலையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் டெக்சாஸும் கத்திரி வெயிலில் காயும் வேலூரும் இந்த விஷயத்தில் பங்காளிகள். 40 டிகிரியில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிட ஏறத்தாழ 8 சதவீதம் குறைவு. அதனால் குண்டு குறைவாகவே இறங்கும். ஆனால் சுட்டுச் சூடேறிய துப்பாக்கிக் குழலின் பின்முனையில் தோட்டாவைப் போட்டுவைத்துவிட்டு நிதானமாகக் குறிபார்த்தால், மருந்து சூடேறி வேகமும் கூடிவிடும். நொடிக்கு பத்து மீட்டர் வேக வித்தியாசம் ஆயிரம் கஜத்தில் ஒரு சாண் அளவுக்கு மேலே தூக்கும் என்றால், பத்துப் புள்ளி வளையம் அதிலேயே போய்விடுகிறது. சுடப்போகும் கணத்தில்தான் தோட்டாவை உள்ளே தள்ள வேண்டும், பெட்டியை நிழலில் வைக்க வேண்டும்.

அவனுக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: எப்-டி.ஆர். என்றால் .308, 175 கிரெய்ன் அல்லது அதற்கு மேல். மற்ற எதுவானாலும் எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்குள்ள குழலோடு 6.5 கிரீட்மோர், 140 கிரெய்ன். தோட்டாப் பெட்டிகளை ஒரே லாட் எண்ணில், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியில், மொத்தமாக வாங்கு, லாட் மாறினால் வேகத்தை மறுபடியும் அளந்து பார். மிச்சப்படும் பணத்தில் ஒரு .22 வாங்கி, இருநூறு கஜத்தில் காற்றுக் கொடியைப் பார்த்துச் சுடு.