கோர் 2 ஒரு வழியாக அடங்கியது

நேற்றோடு பதினோரு நாள் ஆகிறது. ஒரு ரீஸ்டார்ட் இல்லை, விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் ஒரு வீயா (வன்பொருள்) பிழைகூட இல்லை. வோல்டேஜைக் குறைத்து வெப்பத்தை அடக்க, என் கம்ப்யூட்டரின் எட்டுக் கோர் (உட்கரு) கொண்ட ரைசன் 7 5800எக்ஸ் பிராசஸரோடு ஆறு வாரமாக மல்லுக்கட்டியிருக்கிறேன். அதனால் இதை எழுதி வைக்காமல் இருக்க முடியவில்லை.

வேலூரில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை. மே மாதத்தில் ராத்திரி பத்து மணிக்கும் உள்ளே 35 டிகிரி இருக்கும். ஏசி கிடையாது. அங்கேதான் குடும்பத்தின் பழைய விஎச்எஸ் கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, படத்தில் தெரியும் கோடுகளை நீக்கும் கியூடிஜிஎம்சி ஃபில்டர் போட்டு, எக்ஸ்265 மென்பொருளால் சுருக்கி என்கோட் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு கேசட்டுக்கு ஏழு மணி நேரம் எட்டுக் கோரும் முழு வேகத்தில் ஓடும். வெப்பநிலை 90 டிகிரியில் போய் ஒட்டிக்கொள்ளும். இந்தச் சிப்புக்கு அதுதான் உச்ச வரம்பு. 120 மிமீ ஃபேன் வைத்த ஒற்றை டவர் கூலர் 1,900 ஆர்பிஎம்மில் கத்தும். "என்னங்க, ராத்திரியில மிக்ஸி ஓடுற மாதிரி இருக்கு, பாப்பா முழிச்சுக்கிறா" என்று மனைவி சொன்ன அன்றுதான் இதில் இறங்கினேன்.

முதலில் பழைய வழியையே முயன்றேன்: மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் வோல்டேஜ் ஆஃப்செட் மைனஸ் 0.1, அதாவது எப்போதும் 0.1 வோல்ட் குறைவு. வெப்பம் நன்றாகவே குறைந்தது, எட்டு டிகிரி. ஆனால் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையின் மதிப்பெண்ணும் கூடவே இறங்கியது. சென்சார்களைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் கிளாக் (ஓடும் வேகம்) 4.5 கிகாஹெர்ட்ஸ் என்றே காட்டுகிறது. உண்மையில் ஓடும் வேகத்தைச் சொல்லும் எஃபெக்டிவ் கிளாக் வரியைப் பார்த்தால்தான் 4.3 சொச்சம் என்று தெரிகிறது. வோல்டேஜ் போதாதபோது சிப் தானாகவே கிளாக்கை இழுத்துக்கொள்கிறது. இந்தச் சிப்பின் தலைமுறையான ஜென் 3-ல் ஆஃப்செட் போட்டு வெப்பம் குறைந்துவிட்டது என்று சொல்பவர்கள் அந்த ஒரு வரியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

அப்புறம் கர்வ் ஆப்டிமைசர்: எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் என்ற வளைவை ஒவ்வொரு கோருக்கும் தனியாக இறக்கும் பயாஸ் வசதி. ஒரு எண்ணுக்கு ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட், அதிகபட்சம் மைனஸ் 30. எல்லாக் கோருக்கும் மைனஸ் 25 கொடுத்துப் பார்த்தேன். மதிப்பெண் ஏறியது, வெப்பம் அசையவே இல்லை! முதலில் எனக்குப் புரியவில்லை. மிச்சமான மின்சாரத்தைச் சிப் சும்மா விட்டுவைக்காது, அதையும் எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடும். ஆகவே சிப் இழுக்கக்கூடிய மொத்த மின்சார வரம்பான பிபிடியையும் சேர்த்துக் குறைத்தால்தான் குளிர்ச்சி கிடைக்கும். 142 வாட்டிலிருந்து 105-க்கு இறக்கினேன். அதற்கு முன் என்கோடில் 128 வாட் வரை இழுத்துக்கொண்டிருந்தது. இதைவிடச் சிக்கனமாக 65 வாட் ஈகோ மோடும் இருக்கிறது. அதில் பிபிடி 88. அதையும் ஓட்டிப் பார்த்தேன். என்கோட் நேரம் கூடுவது எனக்குச் சரிப்படவில்லை.

இதுவரை இரண்டு மாலை வேலைதான். மீதி ஆறு வாரமும் ஒரே ஒரு கோருக்குப் போனது.

மைனஸ் 25-ல் சினிபெஞ்ச் அரை மணி நேரம் ஓடியது. சிப்பைக் கடுமையாக வேலை வாங்கிச் சோதிக்கும் பிரைம்95 எல்லாக் கோரிலும் ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. சரி, முடிந்தது என்று படுத்துவிட்டேன். காலையில் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது, பிரவுசரில் செய்தி படித்துக்கொண்டிருக்கும்போது, திரை கறுத்து ரீஸ்டார்ட். அடுத்த நாள் ஸ்லீப்பிலிருந்து எழும்போது ஒன்று. மூன்றாவது நாள் பிடிஎஃப் திறக்கும்போது ஒன்று. கனமான வேலையில் ஒருமுறைகூட விழவில்லை.

காரணம் எளிதுதான். எட்டுக் கோரும் ஓடும்போது ஒவ்வொன்றும் 4.5-ஐத் தாண்டாது. ஒரே கோருக்கு மட்டும் ஒரு நொடி வேலை வரும்போதுதான் அது 4.85 வரை தாவுகிறது. வளைவின் அந்த உச்சி முனையில்தான் நாம் குறைத்த வோல்டேஜ் போதாமல் போகிறது. எனவே பிரைம்95-ஐ எல்லாக் கோரிலும் எட்டு மணி நேரம் ஓட்டுவது இதற்கான சோதனையே இல்லை. நான் இழந்த முதல் இரண்டு வாரமும் அதில்தான் போனது.

கோர்சைக்ளர்தான் சரியான கருவி. பிரைம்95-ஐ ஒரு நேரத்தில் ஒரே கோரில் ஓட்டி, அடுத்ததுக்கு மாறும். லேசான எஸ்எஸ்இ கணக்கு முறையில் ஓட்ட வேண்டும், கனமான ஏவிஎக்ஸ் வேண்டாம். சுமை லேசாக இருந்தால்தான் கிளாக் உச்சத்துக்குப் போகும். கோருக்கு ஆறு நிமிடம், ஒரு சுற்றுக்கு 48 நிமிடம். கோர் 2 முதல் சுற்றிலேயே விழுந்தது. ஈவன்ட் வியூவரிலும் அதே கதைதான்: வீயா பிழையில், எந்தத் திரெட் (கோரின் வேலை இழை) விழுந்தது என்று சொல்லும் ஏபிஐசி ஐடி 4. இந்தச் சிப்பில் ஒரு கோருக்கு இரண்டு திரெட், எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும் என்பதால் பாதியாக்கினால் கோர் 2. ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் மென்பொருளில் சிறந்த கோர் என்று நட்சத்திரம் போட்டுக் காட்டுகிற கோரும் அதுதான். சிறந்த கோருக்கு ஆலையிலேயே வோல்டேஜை இறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள், நாம் மேலும் பிடுங்க அங்கே இடமில்லை. இதை முதலிலேயே யோசித்திருந்தால் நட்சத்திரக் கோரிலிருந்து தொடங்கியிருப்பேன்.

கோர் 2-க்கு மட்டும் மைனஸ் 18, விழுந்தது. 15, விழுந்தது. 12-ல் ஆறு நிமிடம் தாங்கியது, இருபது நிமிடம் ஓட்டியபோது பதினேழாவது நிமிடத்தில் பிழை. 10-ல் கோர்சைக்ளர் ராத்திரி முழுக்கச் சுத்தமாக ஓடியது, ஆனால் நான்காம் நாள் ஸ்லீப்பிலிருந்து எழும்போது மறுபடியும் ரீஸ்டார்ட். கடைசியில் 8-ல் நின்றது. ரைசன் மாஸ்டரில் அடுத்த சிறந்த கோர் என்று புள்ளி போட்ட கோர் 4-க்கு 12. மற்ற ஆறும் 20-க்கும் 25-க்கும் இடையில் எந்தத் தகராறும் இல்லாமல் ஓடுகின்றன.

எண்களை நோட்டில் எழுதி வையுங்கள், பயாஸ் புரொஃபைலை நம்ப வேண்டாம். என் மதர்போர்டு இரண்டு முறை பூட் ஆகாமல் போனால் எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டுபோய்விடும். பயாஸ் அப்டேட் செய்தபோது, சேமித்து வைத்த பழைய புரொஃபைலைப் படிக்கவே மறுத்தது. அன்று முதல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்.

நடுவில் ஒருநாள் சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். முதல் கடையில் விஷயத்தைச் சொன்னதும் லிக்விட் கூலர்தான் ஒரே வழி என்றார்கள். நான்கு கடை தள்ளி ஒரு பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேஸ்ட் மாத்தி எத்தனை வருஷமாச்சு தம்பி?" என்றார். சிப்பிலிருந்து கூலருக்கு வெப்பத்தைக் கடத்தும் பசையைத்தான் கேட்டார். மூன்று வருடம். எம்எக்ஸ்-4 பேஸ்ட் ஒரு ட்யூபும், பயாஸுக்கு ஒரு சிஆர்2032 பட்டன் செல்லும் வாங்கி வந்தேன். இந்தச் சிப் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் கூலரைக் கழற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை: பத்து நிமிடம் ஏதாவது ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, இடமும் வலமுமாகத் திருகிய பிறகே தூக்குங்கள். காய்ந்த பேஸ்டோடு நேராக இழுத்தால் சிப் சாக்கெட்டைவிட்டு கூலரோடு வந்துவிடும், பின்கள் வளையும். பேஸ்ட் மாற்றியதில் மட்டும் எனக்கு நான்கு டிகிரி கிடைத்தது.

இப்போதைய நிலை: என்கோடில் 76 டிகிரி, ஃபேன் 1,150. சினிபெஞ்ச் 14,700-லிருந்து 15,100 ஆகியிருக்கிறது, முன்பு 90-ல் முட்டிக்கொண்டிருந்த சிப் இப்போது முட்டுவதில்லை. பிளக்கில் செருகும் மீட்டரில் மொத்த இழுப்பு 202 வாட்டிலிருந்து 172. ஒரு ராத்திரிக்கு ஏழு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லுக்கு 12, 13 யூனிட் மிச்சம். அது பெரிய தொகையில்லை. ஆனால் அந்த 30 வாட் இனி அறைக்குள் சூடாக இறங்காது, பாப்பாவும் தூங்குகிறாள். எனக்கு இதுதான் வேண்டியிருந்தது.

ஃபேன் கர்வ் இன்னும் பாக்கி இருக்கிறது. ரைசன் சட்டென்று பத்து டிகிரி தாவி இறங்கும். அதற்கேற்ப ஃபேனும் ஏறி இறங்குவது நிலையான சத்தத்தைவிட எரிச்சலாக இருக்கிறது. ஃபேன் வேகம் ஏறுவதைத் தாமதிக்கும் ஸ்டெப்-அப் நேரத்தை மூன்று நொடியாக்கியிருக்கிறேன், ஐந்து வைத்துப் பார்க்க வேண்டும். அதை முடிப்பதற்குள் கிராஃபிக்ஸ் கார்டான ஆர்டிஎக்ஸ் 3060-ஐயும் தொட்டுவிட்டேன். ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கன்ட்ரோல்-எஃப் அழுத்தி வளைவைத் திறந்து, 1,800 மெகாஹெர்ட்ஸை 0.85 வோல்ட்டில் நிறுத்தியிருக்கிறேன். அதன் கணக்கைத் தனியாக எழுதுகிறேன்.

டிசம்பரை நினைத்தால்தான் கொஞ்சம் கவலை. அறை குளிர்ந்தால் சிப் இன்னும் உயரத் தாவும், மே மாதத்தில் தாங்கிய மைனஸ் 8 அப்போதும் தாங்குமா என்று அன்றுதான் தெரியும். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. இன்று மாலை கோர் 2-ஐ மைனஸ் 9-க்கு மாற்றி, 1998 கல்யாணக் கேசட்டின் இரண்டாம் பாகத்தை ஏற்றி, என்கோட் முடிந்ததும் ஸ்லீப்புக்குப் போகும்படி வைத்திருக்கிறேன்.