புதுக்குடியிருப்பைக் காற்றில் தட்டுதல்

மெய்நிகர் உலகில் தமிழ் தட்டச்சு செய்யும் முறைகளை கிளிநொச்சியில் வடிவமைத்துச் சோதித்து வருகிறோம். ஹெட்செட்டை மாட்டியவரிடம் நான் விரும்பிக் கொடுக்கும் சொல் "புதுக்குடியிருப்பு". நம் கணக்கில் 9 எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் ஒவ்வொன்றும் அகர எழுத்தும் உயிர்க்குறியுமாகவோ அகர எழுத்தும் புள்ளியுமாகவோ இருப்பதால் அந்தக் கணக்கில் 18. உயிருக்கும் மெய்க்கும் தனித்தனி விசை உள்ள தமிழ்99 விசைப்பலகையில் 16 தட்டுத்தான். ஏனென்றால், அதில் ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுந்துவிடும்.

தட்டச்சு வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சொல் என்றுதான் அளப்பார்கள். அதில் 5 எழுத்துக்கு ஒரு சொல். ஆக, இந்த ஊர்ப்பெயர் ஒரு கணக்கில் 1.8 சொல், இன்னொன்றில் 3.6. அடித்த ஆளும் எடுத்த நேரமும் மாறவில்லை, வேகம் மட்டும் இரட்டிப்பு! எதை எண்ணினோம் என்று சொல்லாத தமிழ் வேகக் கணக்கை நான் நம்புவதேயில்லை.

பார்த்து அடிக்கக் கொடுக்கும் வாக்கியமும் முக்கியம். தட்டச்சுச் சோதனைகளுக்கென்று மக்கென்சி, சூக்கரெஃப் என்ற ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட 500 ஆங்கிலத் தொடர்களைத்தான் பலரும் எடுப்பார்கள். அவற்றைத் தமிழாக்கிக் கொடுத்தால் எங்கள் ஆட்கள் இடையிடையே நிறுத்தித் திரும்ப வாசிக்கிறார்கள்; அந்தத் தயக்கமும் தட்டும் நேரத்தில் ஏறிவிடுகிறது. "இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தாச்சு" என்றால் ஒரு தரம் பார்த்தாலே போதும், விரல் ஓடும்.

விரலுக்குத்தான் பெரும் பாடு. காற்றில் மிதக்கும் விசையைத் தொட்டால் எதிர்ப்பு இல்லை. பட்டதா என்பதைக் கண்ணும் காதும்தான் சொல்லவேண்டும். 12 உயிரும் 18 மெய்யும் ஒரே பலகையில் வரவேண்டும் என்றால் விசை சிறுக்கும். பெருப்பித்தால் கை அலையும். பலகையை முகத்துக்கு நேரே வைத்தபோது, "கை உளையுது தம்பி, கொஞ்சம் இருங்கோ" என்றார் ஓர் அக்கா. மடிக்குக் கிட்ட இறக்கிச் சரித்து வைத்தோம். கைக்கு ஆறுதல், ஆனால் குனிந்தால் ஹெட்செட்டின் பாரம் கழுத்தை இழுக்கிறது. இதெல்லாம் வேகக் கணக்கில் தெரியாது. அதனால்தான் ஒரு வேலை எவ்வளவு சுமையாக இருந்தது என்று செய்தவரிடமே கேட்கும், அதில் உடற்சிரமத்தைத் தனியாகக் கேட்கும் நாசா டிஎல்எக்ஸ் வினாக்களை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை.

போரில் கையை இழந்தவர்கள் வன்னியில் பலர். கைக்கு ஒன்றாகப் பிடிக்கும் இரண்டு கன்ட்ரோலரும் கட்டாயம் என்ற முறை எத்தனை வேகமானாலும், இங்கே அதை நல்ல முறை என்று எழுத எனக்கு மனம் வராது. இப்போது எந்த முறையானாலும் ஒற்றைக் கையால்தான் முதலில் அடித்துப் பார்க்கிறோம். அதில் தேறியதற்குத்தான் இரண்டு கைச் சோதனை.