விட்டுப்போன ஒரு வரி

பகலெல்லாம் ஒழுங்காக ஓடிய குவெரி (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளை) ராத்திரி பதினொரு மணிக்குத்தான் படுத்துக்கொள்ளும். டேட்டாபேஸ் வேலையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அப்படி ஒரு ராத்திரி. கூட வேலை செய்பவர்கள் யாரும் போனை எடுக்கவில்லை. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களின் இணையக் குழு ஒன்றில் போய் விழுந்தேன். "குவெரி ரொம்ப மெதுவாக ஓடுகிறது, அவசரம், உதவுங்கள்." அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

திட்டு விழும் என்று நினைத்தேன். ஒருவர் வந்து மூன்று கேள்வி கேட்டார். எந்த வெர்ஷன்? டேபிளில் எத்தனை வரிசை? எக்ஸ்ப்ளெய்ன் என்ன காட்டுகிறது? (குவெரியை எந்த வழியில் ஓட்டப்போகிறது என்று டேட்டாபேஸைக் காட்டச் சொல்லும் கட்டளை அது.) மூன்றாவது கேள்விக்குப் பதில் எடுக்கப் போன இடத்திலேயே என் தப்பு தெரிந்துவிட்டது. ஈமெயில் ஃபீல்டில் இண்டெக்ஸ், அதாவது வேகமாகத் தேட உதவும் பட்டியல், இருந்தது. நானோ அதை லோயர் ஃபங்ஷனுக்குள் போட்டு, சின்ன எழுத்தாக மாற்றித் தேடிக்கொண்டிருந்தேன். சாதா இண்டெக்ஸ் அதற்கு உதவாது, லோயர் போட்ட வடிவத்துக்கே தனியாக ஒன்று வேண்டும். நன்றி சொல்லத் திரும்பி வந்தபோது அவர் வேறு யாருடைய கேள்விக்கோ போய்விட்டிருந்தார்.

அந்தக் கடனைத் தீர்க்கத்தான் நானும் பதில் சொல்ல ஆரம்பித்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அது உண்மையில்லை. அலுவலகத்தில் என் பேச்சு எடுபடாத காலம் அது. நான் சொன்னது காற்றில் போகும், அதையே அடுத்த வாரம் வேறொருவர் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வெளியிலாவது நாலு பேருக்கு நம்மைத் தெரியட்டும் என்ற எண்ணம்.

முதலில் போனது ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கு. 2008-இல் தொடங்கிய தளம், எல்லாவற்றுக்கும் புள்ளிக் கணக்கு. நம் பதிலுக்கு ஒருவர் ஆதரவாக வாக்களித்தால் 10 புள்ளி, கேட்டவரே அதை ஏற்றுக்கொண்டால் 15. 2000 சேர்ந்துவிட்டால் அடுத்தவர் எழுதியதை யாருடைய ஒப்புதலும் இல்லாமல் திருத்தலாம். சூதாட்டம் மாதிரி பிடித்துக்கொண்டது. சுலபமான கேள்வி வந்தால் பாதிப் பதிலை முதலில் போட்டு இடம் பிடிப்பேன், மீதியை அப்புறம் சேர்ப்பேன். புள்ளி ஏறியது. என் பெயர் மட்டும் யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. நிற்க என்ன இருக்கிறது? நான் சொல்லாவிட்டால் அடுத்த நிமிடம் இன்னொருவர் அதையே சொல்லியிருப்பார்.

பழைய குழுவுக்கே திரும்பினேன். அங்கே புள்ளி கிடையாது. இரண்டு நாளாக யாரும் தொடாமல் கிடக்கும் கேள்விகளைச் சனிக்கிழமை காலையில் எடுப்பேன். அவற்றில் பெரும்பாலானவை கடினமான கேள்விகள் இல்லை, சரியாகக் கேட்கப்படாதவை. எனக்குச் செய்ததையே செய்தேன்: வெர்ஷன், வரிசை, எக்ஸ்ப்ளெய்ன். அப்புறம் என் மெஷினில் அதே மாதிரி டேபிள் போட்டு, பத்து லட்சம் போலி வரிசைகளை நிரப்பி, அவர் சொல்லும் கோளாறு எனக்கும் வருகிறதா என்று பார்ப்பது. சலிப்பான வேலைதான். ஆனால் "எனக்கும் அப்படியே வருகிறது" என்று ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடும்.

செல்வாக்கு எந்த நாளில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் இரண்டு பேர் காரசாரமாக மோதிக்கொண்டிருந்தபோது மூன்றாமவர் நடுவில் எழுதினார்: "இருங்கப்பா, அவர் வரட்டும்." அந்த 'அவர்' நான். இரண்டு நாள் தரையில் கால் படவில்லை, அதை மறைக்கவில்லை. (அலுவலகத்தில் அப்போதும் அதே தலையாட்டல் கதைதான். அது வேறு.)

அதற்கு அடுத்த வருடம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

சில ஆயிரம் வரிசைகளை நீக்கும் டெலிட் நாற்பது நிமிடம் எடுக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். படித்ததுமே ஃபாரின் கீ மேல், அதாவது ஒரு டேபிளின் வரிசையை இன்னொரு டேபிள் சுட்டும் இணைப்பின் மேல், சந்தேகம் வந்துவிட்டது. தாய் டேபிளின் பிரைமரி கீக்கு (ஒவ்வொரு வரிசைக்கும் தனி அடையாளமான ஃபீல்டு) போஸ்ட்கிரெஸ் தானே இண்டெக்ஸ் போடும். அதைச் சுட்டும் பிள்ளை டேபிளின் ஃபீல்டுக்குப் போடாது, நாம்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வரிசையை நீக்கும்போதும் பிள்ளை டேபிளை முழுவதும் தேடிக்கொண்டிருக்கும். இதை உறுதி செய்ய வெறும் எக்ஸ்ப்ளெய்ன் போதாது. ஃபாரின் கீ சரிபார்ப்புக்கு ஆன நேரம் அனலைஸ் சேர்த்தால்தான் தெரியும். இரண்டு மீட்டிங்குகளுக்கு நடுவே நின்றுகொண்டே தட்டினேன்: "முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் போட்டு ஓட்டி, வருவதை இங்கே ஒட்டுங்கள்."

அனலைஸ் சேர்த்தால் அந்தக் கட்டளை நிஜமாகவே ஓடும். டெலிட் என்றால் அழித்தேவிடும். முன்னால் பிகின், பின்னால் செய்ததை ரத்து செய்யும் ரோல்பேக் போடச் சொல்லிக் கையேட்டிலேயே தனிக் கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாதா என்ன? எழுதவில்லை, அவ்வளவுதான்.

எந்த வரிசைகளை நீக்குவது என்ற நிபந்தனையையே அவர் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. ஓட்டியதும் நேரடிப் பயன்பாட்டில் இருந்த டேட்டாபேஸில். நாற்பது நிமிடம் கழித்து விடையை ஒட்டினார். என் சந்தேகம் அச்சு அசலாகச் சரி, கிட்டத்தட்ட மொத்த நேரமும் ஃபாரின் கீயில். பெருமையாக விளக்கம் எழுத உட்கார்ந்தால், குழுவுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒருவர் கீழே கேட்டிருந்தார்: "சார், இது நிஜமாகவே அழித்துவிடுமே? ரோல்பேக் போடச் சொல்லலையே?"

முந்தைய இரவின் பேக்கப்பிலிருந்து அந்த வரிசைகளை எடுத்துக் கோக்க இரண்டு நாள் அவரோடு உட்கார்ந்தேன். அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, கடைசியில் நன்றி வேறு சொன்னார். ஆனால் என்னை உலுக்கியது குழுவின் பழைய ஆள் ஒருவர் தனியாக அனுப்பிய செய்தி. "உங்க பதிலை அப்பவே பார்த்தேன். நீங்க சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்." விசாரித்தால் அப்படி விட்டவர்கள் இன்னும் இரண்டு பேர். முதல் வருடத்தில் நான் இதை எழுதியிருந்தால் பத்து நிமிடத்தில் நாலு பேர் பாய்ந்திருப்பார்கள்.

பதிலை அழிக்கவில்லை. தவறு இன்னது, காட்டியவர் இவர் என்று அதன் தலையிலேயே எழுதி வைத்தேன். இப்போதெல்லாம் கேள்வி வந்ததும் கையை வைப்பதில்லை. புதியவர்கள் யாராவது முதலில் எழுதட்டும் என்று ஒரு நாள் விட்டுப் பார்க்கிறேன். எப்போதும் முடிகிறது என்று சொல்ல மாட்டேன், கை அரிக்கிறது.

போன வாரம் அந்தப் புதியவர், இப்போது புதியவர் இல்லை, என் பதில் ஒன்றுக்குக் கீழே மறுபடி வந்தார். குவெரியில் வித் என்ற சொல்லைப் போட்டுத் தனிப் பெயரோடு எழுதும் பகுதியைப் போஸ்ட்கிரெஸ் எப்போதும் தனியாகத்தான் கணக்கிடும், நான் சொன்னது தப்பு என்றார். பழைய வெர்ஷன்களில் அப்படித்தான். 2019-இல் வந்த 12-ஆவது வெர்ஷனில் மாறிவிட்டது. இந்த முறை தவறு அவருடையது. அதை எப்படிச் சொல்வது என்று தட்டுவதும் அழிப்பதுமாக அரை மணி நேரம் போனது. கடைசியில் கேள்வியாகவே எழுதினேன்.

"எந்த வெர்ஷனில் பார்த்தீர்கள்?"