கடை யாருடைய பேரில்?

இலங்கையின் கிழக்கே கல்முனையில் இருக்கிற எங்கள் கணக்கு அலுவலகத்துக்கு மார்ச், ஏப்ரலில் வருகிற வெளிநாட்டவர்களைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம், அலைச்சறுக்குக்குப் பேர்போன அறுகம்பைக் கடற்கரைக்காரர்கள் என்று. போன சீசனில் சேர்ஃபிங் செய்ய வந்து, இரண்டு கிழமை என்று நினைத்தவர்கள் இரண்டு மாதம் நின்று, ஊருக்குப் போய் வேலையை விட்டுவிட்டு, அந்தக் கடற்கரை ஊரான உல்லையில் ஒரு கெஸ்ட் ஹவுஸோ கோப்பிக் கடையோ போடலாம் என்று திரும்பி வந்திருப்பார்கள். ஆடி அமாவாசையை ஒட்டி வருகிறவர்கள் வேறு கூட்டம். சுவிஸிலும் கனடாவிலும் இருபது முப்பது வருடம் உழைத்த நம்முடைய ஆட்கள். மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு வந்த கையோடு, களுவாஞ்சிகுடியில் பேக்கரி, கல்லடியில் ரெஸ்டூரண்ட் என்று ஒரு திட்டத்தையும் கொண்டுவருவார்கள். கம்பனி பதிவது, கணக்கு எழுதுவது, வரிக் கோப்பு திறப்பது, வேலையாட்களுக்கு ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதி கட்டுவது என்று இரண்டு கூட்டத்துக்கும் நாங்கள் செய்கிற வேலை ஒன்றுதான். இரண்டு கூட்டமும் மாட்டிக்கொள்கிற இடமும் ஒன்றுதான்.

எல்லோரும் முதலில் கேட்பது சட்டம் விடுமா என்று. சட்டம் அவர்கள் பயப்படுகிற அளவுக்கு மோசமில்லை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி ஒரே ஒரு ஆள் பங்குதாரராகவும் பணிப்பாளராகவும் இருந்து கம்பனி தொடங்கலாம், அந்த ஆள் வெளிநாட்டவராக இருந்தாலும் சரி. ஒரு கம்பனிச் செயலாளர் மட்டும் கட்டாயம் வேண்டும். ஹோட்டல், கெஸ்ட் ஹவுஸ் போன்ற தொழில்களில் நூறு வீதப் பங்கும் அவர்களே வைத்திருக்கலாம். காசு மட்டும் வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு என்று ஒன்றைத் திறந்து, அதன் வழியாக வர வேண்டும். அப்படி வந்தால்தான் நாளைக்கு விற்றுவிட்டுப் போகும்போது காசை நேர் வழியில் வெளியே எடுத்துப் போகலாம்.

விடாத இடங்களும் உண்டு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு வெளிநாட்டவரோ, 50 வீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்குள்ள கம்பனியோ காணி வாங்க முடியாது. குத்தகைக்கு எடுக்கலாம், 99 வருடம் வரைக்கும். அப்புறம் சில்லறை வியாபாரம். 50 இலட்சம் அமெரிக்க டொலருக்குக் குறைந்த முதலோடு வெளிநாட்டுப் பங்குள்ள கம்பனி அதைச் செய்ய முடியாது. இதைச் சொல்லும்போது பெரும்பாலானவர்கள் சிரிப்பார்கள், தங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று. சேர்ஃப் பலகையை வாடகைக்குக் கொடுக்கலாம், சேர்ஃபிங் சொல்லிக்கொடுக்கலாம். அதே கொட்டிலின் மூலையில் ஒரு கம்பியில் டி-ஷர்ட்டுகளைத் தொங்கவிட்டு விற்றால்? அங்கே சிரிப்பு நின்றுவிடும்.

இன்னொன்று. கம்பனியில் பங்கு இருப்பதால் மட்டும் அங்கே நின்று வேலை செய்ய உரிமை வந்துவிடாது. அதற்குக் குடிவரவுத் திணைக்களத்தில் வதிவிட விசா எடுக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்தவர் தன் கடையில் தானே கோப்பி ஊற்றினாலும் சட்டத்தின் கண்ணில் அது வேலைதான்.

சரி, இதற்கெல்லாம் மாதக் கணக்கில் ஓட வேண்டும். கடற்கரையில் இதைவிட லேசான வழி ஒன்று காத்திருக்கும். "எல்லாத்தையும் என்ட பேரில எடுப்பம், நீங்க காசைப் போடுங்க" என்று சேர்ஃபிங் சொல்லிக்கொடுத்த பொடியன் சொல்லுவான். அவன் சொல்வதில் களவு இல்லை. நம்பித்தான் சொல்லுவான், அவரும் நம்பித்தான் காசைக் கொடுப்பார். இந்த ஏற்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரன் ஏமாந்த கதையைத்தான் சொல்வார்கள். எனக்கென்றால் பொடியனைப் பற்றித்தான் கவலை.

அப்படி ஒரு பொடியன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். கையில் ஒரு ஷொப்பிங் பேக், அதற்குள் கடிதங்கள், பாதி பிரிக்கப்படாதவை. 2020 மார்ச்சில் விமான நிலையம் மூடுவதற்குச் சற்று முன்னால் அவனுடைய பங்காளி ஊருக்குப் போனவர், பிறகு வரவில்லை. பிரதேச சபை வியாபார அனுமதி, மின் இணைப்பு, வங்கிக் கணக்கு எல்லாம் இவன் பேரில். ஆறு பேர் வேலை செய்த இடம். ஈ.பி.எஃப். என்றால் தொழிலாளியிடம் 8 வீதம், முதலாளி 12 வீதம், அதற்கு மேல் ஈ.டி.எஃப். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். எதுவும் கட்டவில்லை. ஒவ்வொரு கடிதமாகப் பிரித்து மேசையில் திகதி வாரியாக அடுக்கினேன். நிலுவை, நிலுவைக்கு மேலதிகக் கட்டணம், கடைசியில் வழக்கு எச்சரிக்கை. அவன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "சேர், நான் ஓனர் இல்ல. பேருக்குத்தான் நான்." அந்த வசனத்துக்கு எந்தத் திணைக்களத்திலும் ஒரு படிவம் கிடையாது. வேலையாட்களில் இரண்டு பேர் அவனுடைய சொந்த மச்சான்மார் என்பதால் வீட்டிலும் முகம் கொடுக்க முடியாத நிலை. தவணை போட்டுக் கட்டினான். கட்டி முடிக்க 2022ஐத் தாண்டிவிட்டது. அதற்குள் டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்குப் போய், பங்காளி போட்ட காசின் பெறுமதியே வேறாகிவிட்டது.

நம்முடைய ஆட்கள் விஷயத்தில் அந்தப் பொடியனின் இடத்தில் தங்கச்சியின் புருஷன் இருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

களுதாவளைக்காரர் ஒருவர், சுவிஸ் பாஸ்போர்ட். பேக்கரிக்குக் காணி பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தபோதே இலங்கைக் குடியுரிமை போய்விட்டது, இரட்டைக் குடியுரிமை எடுக்காத வரைக்கும் காணி விஷயத்தில் நீங்களும் வெளிநாட்டவர்தான் என்று சொன்னேன். "நான் புறந்த ஊரில நான் வெளிநாட்டுக்காரனா தம்பி?" என்று கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டார். கோபம் நியாயமானது. ஆனால் தாய் தகப்பன் வழி முதுசமாக வருகிற காணிக்கு இந்தத் தடை இல்லை, புதிதாக வாங்குகிறதுக்குத்தான். இரட்டைக் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கலாம். 2011இல் நிறுத்தியதை 2015இல் மறுபடி திறந்துவிட்டார்கள். நாள் எடுக்கும், செலவும் உண்டு. அவருக்கு லீவு முடிகிற அவசரம். காணியும் பேக்கரியும் மச்சான் பேரில் போயின. காசை உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு மாற்றுகிற வழியில், அனுப்பினார். அந்த நேரம் வங்கியில் டொலரை 200 சொச்சத்தில் பிடித்து வைத்திருந்தார்கள், உண்டியலில் அதைவிடக் கூடக் கிடைத்தது. இலாபம்தான். ஆனால் இவர் முதல் போட்டார் என்பதற்கு உலகத்தில் எங்கேயும் ஒரு துண்டு கிடையாது.

மச்சான் ஏமாற்றினார் என்று நினைப்பீர்கள். இல்லை, தங்கமான மனுஷன், மாதம் தவறாமல் கணக்கு அனுப்பினார். மாரடைப்பில் போய்விட்டார். மட்டக்களப்புத் தமிழருக்கு யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை கிடையாது, பொதுச் சட்டம்தான். உயில் இல்லாமல் போனால் பாதி மனைவிக்கு, பாதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகளில் ஒன்று பதினெட்டு ஆகாதது. அதன் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் தாயும் விற்க முடியாது. வங்கிக் கணக்கைத் திறக்கவே மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுப் பொறுப்பு எடுக்க வேண்டியிருந்தது. அண்ணனுக்குச் சேர வேண்டியது என்று தங்கச்சிக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனால் அவர் இப்போது பேக்கரிக்குள் போய் உட்கார்ந்தால் மருமக்கள் முன்னால் விருந்தாளிதான்.

நடக்கிற கடையை விலைக்கு வாங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். இங்கே விற்கிறவர் காட்டுகிற கணக்கு பெரும்பாலும் ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த அட்டை போட்ட நோட்டுப் புத்தகம். அதில் ஜூன், ஜூலை, ஓகஸ்ட் பக்கங்கள் வடிவாக, நீல மையில், கோடு போட்டு இருக்கும். நான் முதலில் பிரட்டுவது நவம்பரை. அறுகம்பையில் அலை ஏப்ரல் கடைசியில் இருந்து ஒக்டோபர் வரைக்கும். பிறகு வாடைக் காற்று, மழை. வேலையாட்கள் தெற்கே வெலிகமைப் பக்கம் போய்விடுவார்கள், அங்கே அப்போதுதான் சீசன் தொடங்கும். பாசிக்குடாவும் இதே கதைதான். வாங்க வருகிறவர் கணினியில் பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே நிரலில் வருமானம் போட்டிருப்பார். ஆறை அழிக்கச் சொல்லுவேன். அந்த ஆறிலும் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, 2020 கொரோனா, 2022 பெட்ரோல் வரிசை என்று வந்ததை எண்ணச் சொல்லுவேன். 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் அறுகம்பைக்குப் போக வேண்டாம் என்று ஒரு எச்சரிக்கை விட்டது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு மிச்சமிருந்த முன்பதிவுகள் அந்த இரவே ரத்தாகின.

கடையோடு சேர்ந்து என்னென்ன கைமாறுகிறது என்பதிலும் மயக்கம் உண்டு. கடையைக் கைமாற்றுவதற்கான கீ மணியைக் கொடுத்தால் எல்லாம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். பிரதேச சபை அனுமதி அந்தந்த வருடத்துக்கு, டிசம்பர் 31 உடன் முடிகிறது. புது ஆள் புதிதாக எடுக்க வேண்டும். கடலில் இருந்து 300 மீற்றருக்குள் எதைக் கட்டுவதென்றாலும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்திடம் போக வேண்டும், பழைய ஆள் எடுத்தாரா என்று பார்க்க வேண்டும். குத்தகை ஒரு மாதத்துக்கு மேல் என்றால் நொத்தாரிசு (நோட்டரி) முன்னால் எழுதியே ஆக வேண்டும். 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், இன்றைக்கும் அதுதான் நடைமுறை. இருந்தும், வெறும் முத்திரை ஒட்டி இரண்டு கையெழுத்துப் போட்ட தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

காணி உறுதி (பத்திரம்) உள்ள காணியா, அரசாங்க பெர்மிட்டா என்று பார்ப்பதற்கு முன்னால் நான் இன்னொன்றைக் கேட்பேன்: வீட்டில் பெண் யார்? நம்முடைய பக்கத்தில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் வீடு வளவு மகளுக்குச் சீதனமாகப் போகும். கடற்கரையில் வெளிநாட்டவருக்குக் கை கொடுத்து, இளநி வெட்டிக் கொடுத்து, விலை பேசுகிறவர் புருஷன். உறுதி மனைவியின் பேரில், சில வேளை மாமியின் பேரிலேயே இருக்கும். மின் பட்டியல் மௌத்தாகிப் போன பாட்டனார் பேரில் வந்துகொண்டிருக்கும், யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

பொத்துவிலில் இப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். ஒரு ஒல்லாந்துச் சோடி, முன் வளவைப் பதினைந்து வருடக் குத்தகைக்கு எடுத்து ரூம் கட்டப் போகிறார்கள். வீட்டுக்காரர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன், எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். வாடகை, முற்பணம், வருடாவருடம் கூட்டுகிற வீதம், எல்லாம் பிளேன்டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நான் உறுதியைக் கேட்டேன். அவர் உள்ளே பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி, ஒரு பிஸ்கட் டின்னில் இருந்து உறுதியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, புருஷனிடம் கொடுக்காமல் என்னிடம் தந்தார்.

"தம்பி, இவங்க லீஸ் முடிஞ்சு போகக்குள்ள கட்டின ரூம் ஆருக்கு?"

காக்கா முழித்தார். அந்தச் சோடிக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன், அவர்களும் முழித்தார்கள். பதினைந்து வருடத்துக்கு வரவு செலவு போட்டு வைத்திருந்தவர்கள், பதினாறாம் வருடத்தை யோசிக்கவில்லை. அந்த மனைவி விடவில்லை. இடையில் விட்டுவிட்டுப் போனால் என்ன? வேறு யாருக்கும் கைமாற்றுவதென்றால் என்னிடம் கேட்க வேண்டாமா? வேலையாட்கள் சம்பளம் கேட்டு என் வாசலில் வந்து நின்றால்? இவ்வளவும் கேட்டுவிட்டு, "இவங்க கம்பனி பதிஞ்சா அதில என்ட பேரோ எங்கட பேரோ வரப்படாது. நான் காணிக்காரி, அவ்வளவுதான்" என்றார். அடுத்தவர் பேரில் போடாதீர்கள் என்று மற்றவர்களுக்கு நான் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன விஷயம், இங்கே நான் சொல்லாமலே வந்தது.

அந்தக் குத்தகையை நொத்தாரிசோடு உட்கார்ந்து எழுதினோம். கம்பனி அந்தச் சோடியின் பேரில், காசு முதலீட்டுக் கணக்கு வழியாக, காணி அந்த மனைவியின் பேரில். கல்லும் சீமெந்துமாகக் கட்டியது எல்லாம் முடிவில் காணிக்காரிக்கு. மரத்தால் போட்ட கபானாவைக் கழற்றிக்கொண்டு போகலாம். தண்ணீர் மோட்டர் காணிக்கு. கைமாற்றுவதென்றால் அவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும். இடையில் விட்டுப் போனால் ஆறு மாத வாடகை. ஏசியில்தான் இழுபறி. சுவரில் பொருத்தியது சுவரோடு சேர்ந்தது என்கிறார் காணிக்காரி, ஆணியைக் கழற்றினால் வந்துவிடும் என்கிறார்கள் அந்தச் சோடி. காக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, அதை அவவே பார்த்துக்கொள்ளட்டும், தன்னை இழுக்க வேண்டாம் என்றார்.