நடுவில் சிறுகுடல் பாக்கி

ஜூலை 8
ஹீமோகுளோபின் 6.9. உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 5. தீட்டு நின்று நாலு வருஷம் ஆச்சு, அதனால் ரத்தம் குறைந்ததை அந்தக் கணக்கில் எழுத முடியாது என்கிறார் டாக்டர். வாய் வழியாக விட்ட குழாயில் ஒன்றும் இல்லை, கீழே விட்டதிலும் இல்லை. நடுவில் சிறுகுடல் பாக்கி. அதற்குக் கேமரா கேப்ஸ்யூல் விழுங்கணுமாம்.

வலி மாத்திரை சாப்பிடுவீங்களா என்று கேட்டார். எப்போதாவது என்றேன்.

ஜூலை 9
பச்சரிசி ரெண்டு பிடி. வாய் கேட்கிறது.

ஜூலை 10
இரும்பு மாத்திரையை இன்றோடு நிறுத்தியாச்சு. கேப்ஸ்யூலுக்கு ஒரு வாரம் முன்னாலேயே விடணும், இல்லாவிட்டால் குடலில் கறுப்பாகப் படிந்து படத்தை மறைத்துவிடும்.

ஜூலை 12
தூக்கமில்லை. பனையோலை இரவெல்லாம் காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. எப்போதாவது என்று ஏன் சொன்னேன்? முட்டிவலிக்கு ஆறு வருஷமாகக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. சீட்டே இல்லாமல் மெடிக்கலில் வாங்கியது. அந்த மாத்திரை சிறுகுடலையும் புண்ணாக்குமாம். ஆறின தழும்பு குடலைச் சுருக்கிவிட்டால் கேப்ஸ்யூல் அங்கே மாட்டிக்கொள்ளும், ஆபரேஷன் வரைக்கும் போகலாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில் இருக்கிறது. நாலு தடவை படித்துவிட்டேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளை.

ஜூலை 13
இவரிடம் சொன்னேன். கோபப்படவில்லை. "டாக்டர்கிட்டச் சொல்லிப் போடு" என்று போனைக் கையில் கொடுத்தார். முதலில் சிடி ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார்கள். வலி மாத்திரைக்கு இன்றோடு முழுக்கு.

ஜூலை 15
ஸ்கேனில் குறுகல் தெரியவில்லை. ஸ்கேனில் சிக்காத சின்னக் குறுகலும் உண்டு என்றார் டாக்டர். அதை ஏன் சொன்னார்.

ஜூலை 16
இளநீரும் பேதி மருந்தும்.

ஜூலை 17
கேரள எல்லையில் வேலந்தாவளம் தாண்டும்போது விடியவில்லை. அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் மலையாளக் கர்க்கடகம், இந்தப் பக்கம் கோயம்புத்தூரில் ஆடி. வயிற்றைச் சுற்றிப் பட்டை, இடுப்பில் ரெக்கார்டர். நர்ஸ் டப்பாவைத் திறந்ததும் கேப்ஸ்யூல் மினுக் மினுக்கென்று அடிக்க ஆரம்பித்தது. 26 மில்லிமீட்டர் நீளம். உள்ளங்கையில் வைத்தபோது ஒவ்வொரு மினுக்கலுக்கும் விரல் தெரிந்தது. என் விரல் அவ்வளவு வெளுத்திருக்கிறது. ஒரு மடக்குத் தண்ணீரில் இறங்கிவிட்டது. விநாடிக்கு ரெண்டு படம், எட்டு மணி நேரம். ஐம்பதாயிரத்துக்கும் மேலே. ரெண்டு மணி நேரம் கழித்துத் தண்ணீர், நாலு மணி நேரம் கழித்து இட்லி. கண்ணை மூடினால் உள்ளே அது மினுக்கிக்கொண்டே போவதுதான் தெரிகிறது.

ஜூலை 18
வரவில்லை.

ஜூலை 19
வரவில்லை. அடிவயிற்றில் சுருக்கென்றது. அதுவா?

ஜூலை 20
வந்துவிட்டது. இவர் கிணற்றடியில் இருந்தார், அங்கேயே ஓடிப்போய்ச் சொன்னேன்.

ஜூலை 24
நாலு புண். டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். ஈரமான மஞ்சள் சுவரில் ஒரு வெள்ளைக் குழி, அதன் ஓரத்திலிருந்து சிவப்பாகக் கசிகிறது. கீரை போதவில்லை, பேரீச்சை போதவில்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், நானும் நம்பினேன். இங்கேதான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இன்னொரு தடவை காட்டச் சொன்னேன், காட்டினார்.

ஜூலை 25
முட்டி விண்ணென்று தெறிக்கிறது. மாத்திரை இல்லை. நாளைக்கு நரம்பில் இரும்பு ஏற்றுகிறார்கள். ஆறரை பஸ்.